ஐம்பதுக்கு மேல் முப்பது பேர்

மதியம் இரண்டு மணிக்கு நீச்சல்குளத்தில் ஈ காக்கா இருக்காது. காலை வகுப்புக்காரர்கள் தலையைத் துவட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலரைக்குத்தான் வருவார்கள். இடைப்பட்ட நேரத்தில் தண்ணீர் தன்பாட்டுக்குக் கிடக்கும். வெயில் அதில் பட்டு, ஆபீஸ் அறையின் கண்ணாடி வழியாக உள்ளே வந்து, கூரையில் வெளிச்ச வளையங்களாக நெளியும். சித்தப்பா நாற்காலியில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அது தூக்கமா விழிப்பா என்று அவருக்கே தெரியாது.

அவர் ஊருக்கெல்லாம் சித்தப்பா. உண்மையில் ஒரே ஒருத்திக்குத்தான் சித்தப்பா, அண்ணன் மகளுக்கு. அவள் சின்னவளாக இருந்தபோது குளக்கரையில் நின்று அவரை அப்படிக் கூப்பிட, மற்றப் பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். இப்போது எழுபது வயது ஓய்வுபெற்ற நீதிபதிகூட லாக்கர் சாவி வாங்க வரும்போது "சித்தப்பா, நம்ம பன்னிரண்டு" என்கிறார். குளம் அண்ணியுடையது. அண்ணன் கப்பலில் இன்ஜினியர், வருஷத்தில் இரண்டு மாதம் தரையில் இருந்தால் அதிகம். அண்ணிதான் மாஸ்டர். அவர் விசிலை வாயில் வைத்தால் பெரிய பெரிய அதிகாரிகள் எல்லாம் வாலைச் சுருட்டிக்கொண்டு சுவரைப் பிடித்துக் கால் அடிப்பார்கள். அண்ணன் மகளுக்கு இருபத்தாறு வயது, இன்னும் பாப்பா. அவள் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறாள். சித்தப்பா ஆபீஸ். பெயர் பதிவது, போன், சாவி, துண்டு, வெப்சைட் எல்லாம் அவர் பொறுப்பு.

பத்தொன்பது வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சித்தப்பாவுக்கு நீச்சல் தெரியாது. நீச்சல் தெரியாது என்பதுகூடச் சலுகை காட்டிச் சொல்வதுதான். அவர் அந்தக் குளத்தில் கால் விரலைக்கூட நனைத்ததில்லை. தண்ணீர் என்றால் பயம். யாராவது "இறங்குங்க சித்தப்பா" என்றால் காதைத் தொட்டுக் காட்டுவார். "காதுல பிரச்சனை. தண்ணி படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்" என்பார். அப்படி ஒரு டாக்டரே கிடையாது. பத்தொன்பது வருஷமாக ஊருக்கே காது குத்திக்கொண்டிருந்தார் மனிதர்.

இந்தப் பயத்துக்குக் காரணம் தேட வேண்டாம். சின்ன வயதில் கிணற்றில் விழவில்லை, கண்ணெதிரே யாரும் மூழ்கவில்லை. அப்படி ஏதாவது இருந்தால் சொல்லிக்கொள்ளவாவது வசதியாக இருக்கும். சிலருக்குப் பூனை பிடிக்காது, சிலருக்கு உயரம் ஆகாது, இவருக்குத் தண்ணீர். ஆனால் நீச்சல் கற்றுக்கொடுக்கும் குடும்பத்தில், குளத்துக்கு ஆள் சேர்க்கும் வேலையில் இருந்துகொண்டு அதைச் சொல்ல முடியுமா? அண்ணி என்ன நினைப்பார்? அந்த ஒரு நினைப்புதான் அவரை அரித்தது. ஊர் சிரித்தால் கூடவே சிரித்துவிட்டுப் போய்விடலாம். அண்ணி ஒரு பார்வை பார்த்தால் தாங்க முடியாது.

இப்படியே காலம் ஓடியிருக்கும். இரண்டு தெரு தள்ளிக் கண்ணாடிக் கூரை போட்ட புதுக் குளம் ஒன்று வந்தது. வந்த மூன்றே மாதத்தில் பெரியவர்களுக்கான வகுப்பில் பாதிப் பேர் காணாமல் போனார்கள்.

"நெட்ல நீச்சல் வகுப்புன்னு தேடினா முதல்ல அவங்கதான் வராங்க தம்பி" என்றார் அண்ணி. "நாம எங்க இருக்கோம்னு பாத்தேன். கீழ போய்ட்டே இருக்கேன், போய்ட்டே இருக்கேன், நம்மளைக் காணோம்."

"மூணாவது பக்கத்துல இருக்கோம் அண்ணி."

"மூணாவது பக்கத்துக்கு யாரு போவா?"

பாப்பா வழி சொன்னாள். தேடலில் மேலே கொண்டுவருவதற்கென்றே கருவிகள் இருக்கின்றன, இரண்டு வாரம் சும்மா பயன்படுத்திப் பார்க்கலாம், பிடித்ததை வைத்துக்கொள்ளலாம் என்றாள். அண்ணி அந்த வேலையைச் சித்தப்பாவிடம் ஒப்படைத்தார். "நீங்களே பாத்துச் சொல்லுங்க. எனக்கு அதெல்லாம் புரியாது. எது உண்மையைச் சொல்லுதோ அதை எடுங்க, அவ்வளவுதான்."

சித்தப்பா மூன்றைத் தேர்ந்தெடுத்தார். மூன்றுக்கும் வாயில் நுழையாத பெயர்கள். அவரே பட்டப்பெயர் வைத்துக்கொண்டார்.

முதலாவது, உளவாளி. எதிரிக் குளத்தின் வெப்சைட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டிக் காட்டியது. எந்தெந்த வார்த்தைக்கு அவர்கள் முன்னால் நிற்கிறார்கள், யார் யார் அவர்களைச் சுட்டிக்காட்டி எழுதியிருக்கிறார்கள், போன மாதம் எதை மாற்றினார்கள், எல்லாம் வண்ண வண்ணக் கோடுகளாக வந்தன. அண்ணி ஈரத் தலையோடு எட்டிப்பார்த்தார். "இதெல்லாம் தெரிஞ்சு நான் என்ன பண்றது தம்பி? அவங்க குளத்துல போய்க் குதிக்கவா?"

இரண்டாவது, வாத்தியார். எழுதியதைக் கொடுத்தால் மார்க் போடும். சித்தப்பா ஆசை ஆசையாக எழுதியிருந்த முதல் பக்கத்துக்கு நூற்றுக்கு முப்பத்தொன்று போட்டது. நீச்சல் என்ற சொல் போதவில்லை, இன்னும் பதினேழு இடத்தில் வேண்டும் என்றது. அவரும் விடாமல் திருத்தித் திருத்தி எண்பத்தெட்டு வாங்கிவிட்டார். பாப்பா படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சித்தப்பா, நாலு வரி படிக்கிறதுக்குள்ள எனக்கே மூச்சு வாங்குது. இதுல யாரு நீந்துறது?"

மூன்றாவது, தேடுபொறி நடத்துகிறவர்களே சும்மா கொடுப்பது. அதில் வண்ணமும் இல்லை, மார்க்கும் இல்லை. கடந்த சில மாதங்களில் ஜனங்கள் என்ன தட்டச்சு செய்து உங்கள் வாசலுக்கு வந்தார்கள் என்பதை மட்டும், அவர்கள் எழுதிய அதே எழுத்தில், வரிசையாகக் காட்டும். எத்தனை தடவை என்று பக்கத்தில் ஒரு எண் இருக்கும். அதற்கு அவர் வைத்த பெயர், கதவிடுக்கு.

அந்தக் கதவிடுக்கில்தான் சித்தப்பா விழுந்தார்.

மதிய வேளைகளில் கூரை வெளிச்சத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தப் பட்டியலைப் படிக்க ஆரம்பித்தார். முகம் தெரியாதவர்கள், பெயர் தெரியாதவர்கள், எங்கெங்கோ உட்கார்ந்து மெல்லக் கேட்டிருந்தார்கள். 'குண்டாக இருந்தால் மிதக்க முடியுமா.' 'முடி கொட்டுமா கிளோரின்.' 'மாமியாரும் மருமகளும் ஒரே வகுப்பில் சேரலாமா.' 'நீந்தும்போது அழுதால் தெரியுமா.' கடைசிக் கேள்வியை அவர் இரண்டு தடவை படித்தார். வெளியே தண்ணீர் சுவரில் லேசாக மோதும் சத்தமும், மின்விசிறியின் முனகலும், திரையில் இந்தக் கேள்விகளும் சேர்ந்து அவரை எங்கோ கூட்டிக்கொண்டு போயின. நாற்காலியோடு சேர்ந்து மிதப்பதுபோல் இருந்தது. மிதப்பதில் அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

பத்தாவது நாள் பட்டியலை எண்படி அடுக்கிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி வந்து நின்றது. 'ஐம்பது வயசுக்கு மேல தண்ணி பயம் போகுமா.' பக்கத்தில் நாற்பத்தொன்று.

சித்தப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏனென்றால் அது அவருடைய கேள்வி. ஐம்பத்தொன்று முடிந்த நாளிலிருந்து, ஏறக்குறைய இரண்டு மாதமாக, மதியத் தூக்கக் கலக்கத்தில் எப்போதாவது அந்த வரியைத் தட்டுவார். ஏதேதோ வெப்சைட்டுக்கு நடுவில் தங்களுடையதும் வரும். 'எந்த வயதிலும் கற்கலாம்' என்ற பக்கம், அவரே எழுதியது. அதைத் திறந்து, தான் எழுதியதில் தனக்கு ஏதாவது பதில் இருக்கிறதா என்று படித்துப் பார்ப்பார். இருக்காது. மூடிவிடுவார்.

அவர் ஒன்றும் விவரம் தெரியாதவர் இல்லை. தான் தட்டியதும் அந்த நாற்பத்தொன்றில் சேர்ந்திருக்கும் என்று தெரியும். எத்தனை இருக்கும்? யோசித்தார். வாரத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஆகப் பத்து. எதற்கும் இருக்கட்டும் என்று பதினொன்று கழித்தார். மீதி முப்பது.

முப்பது பேர்!

இதே ஊரில், ஐம்பதைத் தாண்டி, தண்ணீரைக் கண்டு பயந்து, அதை யாரிடமும் சொல்ல முடியாமல் முப்பது பேர். சித்தப்பா எழுந்து சன்னலருகே போய் நின்றார். அழுகை வந்துவிடும்போல் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. ஐம்பத்தொரு வருஷத்தில் அவ்வளவு சந்தோஷப்பட்டதாக அவருக்கு ஞாபகம் இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்துபோகும்போது எதிரே வருகிறவர்களை எல்லாம் உற்று உற்றுப் பார்த்தார். பேருந்து நிறுத்தத்தில் குடையை மடித்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் ஒருவேளை அந்த முப்பதில் ஒருத்தியோ? மருந்துக்கடைக்காரர்? அவர் எப்போதும் தண்ணீரைச் சின்னச் சின்ன மடக்காகக் குடிப்பதை இவர் பார்த்திருக்கிறார். தையல்காரர்? தபால் அலுவலகத்தில் முத்திரை குத்தும் அந்த வழுக்கைத் தலை? தெரு முழுக்கச் சொந்தக்காரர்களாகத் தெரிந்தார்கள். யாரோ ஒருவர் இவரை ஏறிட்டுப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

மறுநாள் அண்ணியிடம் சொன்னார். கருவி எது என்று முடிவு செய்துவிட்டதாகவும், அது சொல்லும் செய்தி இது என்றும் சொன்னார். முப்பது பேர் என்றார்.

அண்ணி நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "நிஜமாவா? இவ்வளவு பேரா பயந்துகிட்டு வெளிய நிக்கிறாங்க?"

"ஆமாம் அண்ணி. வெக்கப்பட்டுக்கிட்டு."

"பாவம்" என்றார் அண்ணி. பிறகு, "அவங்களுக்குன்னு தனியா ஒரு வகுப்பு வெச்சிருவோம் தம்பி. காலையில ஏழு மணிக்கு. வேற யாரையும் உள்ள விடவேண்டாம். நானே இறங்குறேன்" என்றார்.

வகுப்புக்கான பக்கத்தைச் சித்தப்பா ஒரே மூச்சில் எழுதினார். வாத்தியாரிடம் காட்டவே இல்லை. 'உங்களுக்குப் பயம் என்று எங்களுக்குத் தெரியும். காரணம் கேட்கமாட்டோம். முதல் நாள் படியில் உட்கார்ந்தால் போதும். யாரும் சிரிக்கமாட்டார்கள்' என்று எழுதினார். அந்த முப்பது பேருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதுவதுபோல் இருந்தது. எழுதி முடித்ததும், தன்னையும் யாரோ கூப்பிட்டுவிட்டதுபோல் ஒரு நிம்மதி. அவர்களோடு சேர்ந்து, கூட்டத்தோடு கூட்டமாக, பின்வரிசையில், யாரும் கவனிக்காதபோது, ஒரு காலை நனைத்துப் பார்த்தால்தான் என்ன? அந்த நினைப்பே அவருக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் அதை விரட்டவில்லை.

இரண்டு வாரத்தில் ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. "கூச்சப்படுவாங்க. நேரா வந்துருவாங்க" என்றார் அண்ணி.

வகுப்பு நாள் காலையில் சித்தப்பா முப்பத்தைந்து துண்டுகளை மடித்து அடுக்கினார். ஐந்து, எதற்கும் இருக்கட்டும் என்று. அண்ணி ஆறே முக்காலுக்கே ஆழமில்லாத பக்கம் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டார். பாப்பா கதவருகே நின்றாள். தண்ணீர்மேல் இலேசாக ஆவி எழுந்துகொண்டிருந்தது. எல்லாம் ஒரு கனவுக்குத் தயாராக இருப்பதுபோல் அமைதியாக இருந்தது.

ஏழு ஆயிற்று. ஏழே கால் ஆயிற்று. ஒருவரும் வரவில்லை.

"தம்பி" என்று அண்ணி தண்ணீரில் நின்றபடியே கூப்பிட்டார். "அந்தக் கருவியில எப்போ தேடினாங்கன்னு தெரியுமா? இது ரொம்பப் பழைய கணக்கோ என்னமோ. ஒரு தடவை பாத்துருங்களேன்."

சித்தப்பா ஆபீஸுக்குள் போய்த் திரையைத் திறந்தார். அந்த வரியின்மேல் அழுத்தினால் நாள்வாரியாகப் பிரித்துக் காட்டும் என்று அவருக்குத் தெரியும். இத்தனை நாளும் ஏனோ அழுத்தவில்லை. அழுத்தினார். சீப்பின் பற்களைப்போல் ஒரு கோடு வந்தது. ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்று, ஒன்று. இரண்டு என்று ஒரு நாளும் இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் சுழி. செவ்வாய் குளத்துக்கு விடுமுறை. நடுவில் நாலு நாள் சேர்ந்தாற்போல் சுழி. அந்த நாலு நாள் சித்தப்பாவுக்குக் காய்ச்சல்.

வாரத்துக்கு ஒன்று இரண்டு என்று அவர் நினைத்திருந்தார். தூக்கக் கலக்கத்தில் தினமும் கேட்டிருக்கிறார். கேட்டதை மறந்து, மறுநாளும் கேட்டிருக்கிறார். குடைக்கார அம்மாள் இல்லை, மருந்துக்கடைக்காரர் இல்லை, முத்திரை குத்துகிறவரும் இல்லை. முப்பது பேரும் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அவருக்குத் தாங்க முடியாத துக்கம் வந்தது. மானம் போகப்போகிறதே என்று அப்போது தோன்றவில்லை. அந்த முப்பது பேரும் ஒரு நொடியில் இல்லாமல் போய்விட்டார்களே என்றுதான் இருந்தது. இரண்டு வாரம் அவர்களோடு பழகியிருந்தார்.

வெளியே வந்தார். பாப்பா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சித்தப்பா, தப்பா காட்டியிருக்கா? சும்மா கொடுக்கிறது அப்படித்தான் இருக்கும். விடுங்க, நாம அந்த மார்க் போடுறதையே எடுத்துக்கலாம்" என்றாள்.

"அது பொய் சொல்லிடுச்சா தம்பி?" என்றார் அண்ணி.

தலையை ஆட்டினால் போதும். பழி கருவிமேல் விழும், கதை முடியும், காதுவலியோடு இன்னும் பத்தொன்பது வருஷம் ஓட்டலாம். சித்தப்பா தலையை ஆட்டத்தான் நினைத்தார். ஆனால் அண்ணி அரை மணி நேரமாகத் தண்ணீரில் நின்று விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தது. வராத முப்பது பேருக்காக அப்படி நின்றிருந்தார்.

"இல்ல அண்ணி" என்றார். "கருவி உண்மையைத்தான் சொல்லியிருக்கு. நாற்பத்தொண்ணும் நான்தான்."

அண்ணிக்குப் புரியவில்லை. "நீங்களா? உங்களுக்குக் காதுல..."

"காதுல ஒண்ணும் இல்ல. பயம். ஆரம்பத்துலேருந்தே பயம்."

பாப்பா வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணி படிவரை நடந்து வந்தார். தண்ணீர் அவரைச் சுற்றி மெல்ல விலகியது. அவர் முகத்தில் சித்தப்பா எதிர்பார்த்துப் பயந்த அந்தப் பார்வை இல்லை. கோபம் இருந்தது. கண் கலங்கியிருந்தது.

"பத்தொன்பது வருஷம்" என்றார். "ஊர்ல இருக்கிறவங்க பயத்தையெல்லாம் போக்குறவ இங்க நிக்கிறேன். உங்க நாற்காலிக்கும் எனக்கும் பத்தடி இருக்குமா? சன்னலைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? மெஷின்கிட்ட போய்க் கேட்டிருக்கீங்க, நாற்பத்தொரு தடவை."

இப்படி ஒரு கணக்கைச் சித்தப்பா போட்டே பார்க்கவில்லை. தன் வெட்கத்தை மட்டும்தான் எண்ணியிருந்தார். அண்ணிக்கு வலிக்கும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

பாப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அம்மா, ஒண்ணு கவனிச்சியா? தேடினவங்க அத்தனை பேரும் வகுப்புக்கு வந்துட்டாங்க. எந்தக் கருவியும் இதுவரைக்கும் இப்படி ஆள் சேத்துக் கொடுத்ததில்ல" என்றாள். அண்ணி அழுதுகொண்டே சிரித்துவிட்டார். சித்தப்பாவுக்கும் சிரிப்பு வந்தது.

அவர் செருப்பைக் கழற்றினார். பேண்டை முழங்காலுக்கு மேலே சுருட்டினார். படியின் விளிம்பில் நின்றுகொண்டு, பத்தொன்பது வருஷமாகக் கேட்காத ஆளிடம் கேட்டார். "அண்ணி, ஐம்பது வயசுக்கு மேல தண்ணி பயம் போகுமா?"

அண்ணி யோசித்தார். பொய் சொல்ல விரும்பாதவர் யோசிப்பதுபோல் யோசித்தார்.

"சில பேருக்குப் போகும். சில பேருக்குப் போகாது, பயத்தோடயே நீந்துவாங்க" என்றார். "நீங்க எந்த ரகம்னு இறங்கினாத்தான் தெரியும்."

முதல் படி குளிர்ந்தது. இரண்டாவது படியில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது. மூன்றாவதில் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். வெளுத்துச் சுருங்கிய விரல்கள் வந்து பற்றிக்கொண்டன.

"விட்டுடாதீங்க அண்ணி."

"விடமாட்டேன். இன்னும் ரெண்டு படி இருக்கு."